கூட்டம் தெரியும், பெயர் தெரியாது

காங்கேயம் சீமையில், முன்பின் அறியாத வெள்ளாளக் கவுண்டர் இருவர் கல்யாணப் பந்தியிலோ பஸ்ஸிலோ அருகருகே உட்கார நேர்ந்து, ஊரும் தோட்டமும் மழையும் தேங்காய் விலையும் விசாரித்து முடிந்தபின், தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்க எந்தக் கூட்டமுங்க?" பயிரன், கண்ணன், தூரன், ஆந்தை, ஓதாளன், செங்கண்ணன் என்று பதில் எதுவாயினும், அந்த ஒரு சொல்லைக் கொண்டே, எதிரில் இருப்பவர் பங்காளியா மாமன் மச்சான் முறையா, அவருடைய குலதெய்வம் குடிகொண்ட கோயில் எது, அவர் வீட்டில் பெண் எடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் நொடிப்பொழுதில் துலங்கிவிடும். ஒரே கூட்டத்தார் நூறு மைல் தள்ளிக் குடியிருந்தாலும் சகோதர முறையினரே; அவர்களுக்குள் விவாக சம்பந்தம் கிடையாது. எழுத்து வாசனையே இல்லாத குடியானவனும் தன் வம்சத்தின் ஆதி ஸ்தானத்தைச் சந்தேகமறச் சொல்லிவிடக்கூடிய ஜனசமூகங்கள் உலகில் அதிகம் இரா என்றே நினைக்கிறேன்.

இந்த ஞாபகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் பலர். கொங்கு மண்டலத்தை இருபத்துநான்கு நாடுகளாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகிய காங்கேய நாட்டிலே இன்ன ஊர் இன்ன கூட்டத்தாரின் காணி என்று எண்ணிச் சொல்லும் காணிப் பாடல்களைப் புலவர்கள் பாடிவைத்தார்கள். கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் நாட்டின் பெருமைகளையும் குடிகளின் கீர்த்தியையும் ஒருசேரக் கோத்து வைத்தது. சிஷ்யர்களின் ஊர்களுக்குச் சஞ்சாரம் வந்த குலகுருக்களின் மடங்களில் ஓலைகளும் செப்புப் பட்டயங்களும் தங்கின. கல்யாண வீட்டில் நாவிதர் குலத்துப் பெரியவர் மங்கல வாழ்த்துப் பாடினார். அருமைக்காரர் சீர் நடத்தினார். நம் காலத்தில் புலவர் செ. இராசு அவர்கள் ஊர் ஊராக நடந்து, பரணிலும் பூஜையறையிலும் முடங்கிக் கிடந்த பட்டயங்களைப் படியெடுத்துப் பதிப்பித்தார்; அந்த உழைப்பு இல்லாதிருந்தால் இவற்றில் பல கறையானுக்கு இரையாகியிருக்கும்.

ஆயினும், கூட்டத்தின் விருத்தாந்தம் வேறு, குடும்பத்தின் விருத்தாந்தம் வேறு. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், 'கண்ணன் ஆதன்' என்பது போன்ற ஆட்பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பெயர் ஒன்று இன்றைய கூட்டப் பெயரோடு ஒலியளவில் ஒத்திருக்கக் கண்டவுடனே, அந்தப் பானைக்குச் சொந்தக்காரனைத் தம் நேர் மூதாதையாக வரித்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் எழக்கூடியதே. பெயர் ஒத்திருப்பதால் வம்சம் ஒன்றாகிவிடாது. கொடுமணலுக்குத் தாவுவதற்கு முன்னால், நம் தகப்பனாருடைய பாட்டியின் பெயரை நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வம்சாவளியை எழுதிவிட வேண்டும் என்று நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது, ஆண்வழி தடையின்றி மேலேறியது. அப்பா, அப்பாரு, அவருக்கு அப்பாரு என்று போய், 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்பாலும் ஓரிரு தலைமுறை எட்டியது. ஒவ்வோர் ஆணின் பக்கத்திலும் அவன் மனைவியின் பெயரை எழுத இடம் விட்டு வந்தேன். அந்த இடங்கள்தாம் நிரம்பவில்லை. எங்கள் ஊரில் வயதில் மூத்தவரான பெரியாத்தாளிடம் போய், அப்பாருவைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அப்பாருக்கு ஆத்தாளா? அவிய பேரு ஆருக்குக் கண்ணு தெரியும்? காடையூருப் பொண்ணு, முழுக்காதன் கூட்டம். காடையூருக்காரின்னுதான் எல்லாருஞ் சொல்லுவாங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அவிய இல்லை."

கூட்டம் தெரிகிறது, பிறந்த ஊர் தெரிகிறது, பெயர் மட்டும் தெரியவில்லை. கூட்டம் ஏன் தெரிகிறதென்றால், சம்பந்தம் பேசும்போது அது தேவைப்படுகிறது. வாழ வந்த ஊரிலே அவள் பிறந்த ஊர்க்காரி. பிறந்த ஊருக்கு நோன்பிக்குப் போனால் அங்கே அவள் புகுந்த ஊர்க்காரி. இரண்டு ஊர்களுக்கும் நடுவில், தாயும் தகப்பனும் ஆசையோடு இட்ட பெயர், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மறைந்த அன்றைக்கே மறைந்துபோயிற்று.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரனுக்குப் பாட்டன் பெயரையும் பேத்திக்குப் பாட்டி பெயரையும் வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் மாமனார் பெயரையோ மாமியார் பெயரையோ மருமகள் வாயால் சொல்வது மரியாதை ஆகாது. ஆகவே, தான் பெற்ற குழந்தையையே அதன் பெயரால் அழைக்க முடியாத தாய் வேறொரு செல்லப்பெயரைக் கண்டுபிடித்துக்கொள்கிறாள். ஊரும் அதையே பிடித்துக்கொள்கிறது. சாமியாத்தாள் என்று காகிதத்தில் இருப்பவள் ஊருக்குப் பாப்பாள். பழனிச்சாமி என்பவர் சின்னத்தம்பி. ஒரே வளவுக்குள் நாலு பழனிச்சாமிகள் இருந்தால், வடக்காலத் தோட்டத்தார், மேக்காலக் களத்தார் என்று பூமிதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். பெண்களுக்கு அந்தப் பூமியும் இல்லை.

வாய்மொழி நின்றுவிட்ட இடத்தில் காகிதத்துக்குப் போனேன். எங்கள் வீட்டு மரப்பெட்டியில், ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த முத்திரைக் காகிதத்தில், 1938-இல், வெகுதானிய வருஷம் ஆவணி மாதம் எழுதிய சுத்தக் கிரய சாசனம் ஒன்று இருக்கிறது. கோயமுத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுக்கா என்று தொடங்கி, இன்னார் குமாரருக்கு இன்னார் குமாரர் எழுதிக்கொடுத்தது என்று ஓடி, நான்கெல்லைக்கு வந்து நிற்கும். வடக்கே இன்னார் புன்செய், தெற்கே கிழமேல் இட்டேரி, மேற்கே இன்னார் வகையறா பூமி. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, கவலை இறைக்கும் முறை, வண்டித்தடப் பாத்தியம், வேலியோரத்து வெள்வேல மரங்கள் உட்பட என்று, ஒரு காலத்துக் கொறங்காட்டின் உருவத்தைக் கண்முன் நிறுத்திவிடுகிற எழுத்து அது. எல்லையில் வருகிற பெயர்களைக் கொண்டே, எந்தப் பங்காளி எப்போது பாகம் பிரிந்தார், எவருடைய பூமி எந்தக் கிளைக்குப் போயிற்று என்று ஒரு வம்ச விருட்சம் வரைந்துவிடலாம். அப்படித்தான் நானும் வரைந்தேன். அந்த விருட்சத்தில் உள்ளவர்கள் அத்தனை பேரும் குமாரர்கள். அவர்களைப் பெற்றவள் ஒருத்தியும் அதில் இல்லை.

பெண்களின் பெயர்கள் எங்கள் பெட்டியில் முதன்முதலாகத் தென்படுவது, 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய காகிதங்களில். தகப்பன் சொத்தில் மகளுக்கும் பாத்தியம் உண்டென்று சட்டம் சொன்ன பிறகு, அந்தப் பாத்தியம் தனக்கு வேண்டாம் என்று அவளிடம் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. சீர் சீதனம் திருப்தியாகப் பெற்றுக்கொண்டபடியால் இனி எனக்கும் மேற்படி சொத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்ற வாசகத்தின் கீழே, இன்னார் குமாரத்தி, இன்னார் மனைவி என்று அவளுடைய முழுப் பெயரும் வயதும் எழுதி, பக்கத்திலே நீல மையில் இடது கைப் பெருவிரல் ரேகை. 1989-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திப் பிதிரார்ஜிதத்திலும் மகளுக்குச் சம பங்கு என்று ஆக்கிய பின்னர் இந்த விடுதலைப் பத்திரங்கள் இன்னும் பெருகின. வாழ்ந்த காலமெல்லாம் எந்தக் காகிதத்திலும் ஏறாத ஒரு பெயர், உரிமையை விட்டுக்கொடுக்கும் தினத்தில் மட்டும் மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. அந்த ரேகையின் சுழிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். களை வெட்டியும் பால் கறந்தும் தேய்ந்துபோன விரல். நடுவில் கோடுகளே இல்லாமல் மையப்பிய வெறும் கறையாகப் பதிந்திருந்தது.

அயர்லாந்து தேசத்தில், வம்ச சரித்திரம் தேடுவோர் படும் பாட்டை நான் படித்தறிந்தபோது, இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்தக் குடியானவர்களைக் கொன்றும் கடல் கடத்தியும் சிதறடித்தது. நம் தாது வருஷத்தைப் போலவே அவர்களுக்கும் குடும்ப ஞாபகம் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. 1922 ஜூன் மாதக் கடைசியில், உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரை எடுத்த குடிமதிப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதற்குப் பிந்திய நான்கு குடிமதிப்புகளின் ஏடுகளையோ சர்க்காரே அழித்துவிட்டது. நில வரிக்காக கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் 1847-க்கும் 1864-க்கும் இடையில் நடந்த மதிப்பீட்டுக் கணக்கு எஞ்சியது. அதிலே நிலமும் வீடும் யார் வசம் என்பதுதான் இருக்கிறது, நம் அ-பதிவேட்டைப் போல.

அந்த ஜனங்களைக் காப்பாற்றியது கிராமத்துப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம். டப்ளினுக்கு அனுப்பாமல் அந்தந்தப் பங்குகுருவின் இல்லத்திலேயே கிடந்த காரணத்தால் கத்தோலிக்கப் பதிவேடுகள் நெருப்புக்குத் தப்பின. 2015-இல் அந்நாட்டுத் தேசிய நூலகம் அவற்றின் நிழற்படங்களை யாரும் எந்தத் தேசத்திலிருந்தும் பார்க்கும்படி பொதுவில் வைத்துவிட்டது. அவற்றில் ஒரு வரியில் என்ன இருக்கும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது: குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், அதுவும் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருடன், பிறகு ஞானப் பெற்றோர் இருவரின் பெயர்கள். காணி நிலமில்லாத கூலிக்காரனுக்குப் பிறந்த குழந்தைக்கும் பண்ணைச் சொந்தக்காரனுக்குப் பிறந்த குழந்தைக்கும் ஒரே அளவு இடம், ஒரே வரி. அந்நியரின் ஆட்சியில், பசியிலும் குத்தகைப் பாக்கியிலும் உழன்ற ஒரு ஜனக்கூட்டத்தின் தாய்மார்களுடைய பெயர்கள் இவ்விதம் பிழைத்தன. நம்மிலும் கருமத்தம்பட்டி, தாராபுரம் போன்ற பங்குகளைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இத்தகைய பதிவேடு உண்டு. பிறருக்கு அதற்கு ஈடான ஏடு இல்லை.

சர்க்கார் பதிவுகள் இல்லையா என்று கேட்கலாம். சென்னை ராஜதானியில் 1899-இலேயே ஜனன மரணப் பதிவுக்குச் சட்டம் வந்தது. மணியக்காரர்கள் கிராமந்தோறும் பதிந்தார்கள். பெயர் சூட்டுமுன்பே பதிந்தபடியால், அந்த ஏடுகளில் குழந்தைக்குப் பெயர் இராது. இன்னாருக்கு ஆண் குழந்தை, இன்னாருக்குப் பெண் குழந்தை என்றே வரிசையாகப் போகும். 1980 நவம்பரில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் உத்தியோகங்களை எடுத்துவிட்டபோது, கைமாறாமல் அவர்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிப்போன கணக்குகளும் உண்டு. எஞ்சியவற்றைத் தேடுகிறவனுக்கு, காங்கேயம் முதலில் கோயமுத்தூர் ஜில்லாவிலும், 1979 முதல் பெரியார் மாவட்டம் என்று தொடங்கிய ஈரோட்டிலும், 2009 முதல் திருப்பூரிலும் இருப்பதை மனத்தில் கொண்டு மூன்று ஊர் ரிக்கார்டு அறைகளின் வாசற்படி ஏற வேண்டியிருக்கும். 1901, 1911 ஆண்டுகளின் அயர்லாந்துக் குடிமதிப்பு ஏடுகளை இன்று யாரும் புரட்டலாம். இந்தியக் குடிமதிப்பில் வீடுவீடாக எழுதிய தாள்களைப் பார்வையிட 1948-ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் பூமியுள்ளவன் வீட்டுக் குறை. அந்தப் பூமியில் பண்ணையம் இருந்தவர்களின் நிலை இன்னும் கடுமையானது. எங்கள் கிணற்றைத் தோண்டியவர்கள், கிளுவை வேலி போட்டவர்கள், பட்டி மேய்த்தவர்கள் எல்லோருக்கும் கூட்டமும் குலதெய்வமும் உண்டு. அவர்களின் பெயரோ எந்த நான்கெல்லையிலும் வந்ததில்லை. 1938-ஆம் வருஷத்துச் சாசனத்தில் அந்தக் கிணற்றுக்கு விலையிருக்கிறது, பங்கிருக்கிறது, வெட்டியவன் இல்லை. கொடுமையான விசித்திரம் ஒன்றைச் சொல்கிறேன். 1860-க்கும் 1911-க்கும் இடையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஏழைகளுக்கு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு முதற்கொண்டு எழுதிய பதிவு இருக்கிறது. ஆண், பெண் இரு பாலார்க்கும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து இங்கே கிராமம் தேடி வருகிற ஐந்தாம் தலைமுறைப் பேரனுக்குத் தன் பாட்டியின் பெயர் தெரிகிறது. ஊரிலேயே தங்கிவிட்ட அவளுடைய தங்கையின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

1964 முதல் 1966 வரை, பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் கிராமத்து ஓலப்பாளையத்தில் தங்கி, வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த பல ஜாதியாரின் உறவு முறைகளையும் சடங்குகளையும் ஆராய்ந்தார். 1972-இல் அது நூலாக வந்தது. அந்த வட்டாரத்திலேயே அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்து, பின்னாளில் அச்சிலும் கொண்டுவந்தார். அந்தக் கதையை நினைக்கும்போது எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று படுகிறது. பொன்னர், சங்கர் மட்டுமல்லாமல் அவர்களைப் பெற்ற தாமரையும் உடன்பிறந்த அருக்காணித் தங்காளும் பெயரோடும் கோபத்தோடும் கண்ணீரோடும் அதில் வாழ்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவன் விட்டுவிட்டதை உடுக்கையடித்துப் பாடுகிறவன் விடவில்லை.

காடையூரிலும் அப்படியே. என் அப்பாருவின் தாயார் பிறந்த முழுக்காதன் கூட்டத்தார் அங்கே குலதெய்வமாக வணங்குவது வெள்ளையம்மாளை. கணவனை இழந்த பின்பும் கலங்காது நின்று, தன் மக்களுக்குக் காணியுரிமை பெற்றுக் கொடுத்தவள் என்று அவள் கதையைச் சொல்வார்கள். காடையீஸ்வரர் கோயிலில் அவளுடைய சந்நிதிக்கு முன்னே நின்றபோது, ஒரு கூட்டம் முழுவதும் தன் உரிமைக்கு மூலமாக ஒரு ஸ்திரீயைச் சுட்டிக்காட்டி விழுந்து கும்பிடுவதைக் கண்டு மனம் நெகிழ்ந்தது. அதே கூட்டத்தில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பஞ்சத்தின் வடுக்கள் மாறாத காலத்தில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்ணுக்குப் பெயரில்லாமற் போனதை எண்ணி வருத்தமும் மிகுந்தது. தெய்வமாகிவிட்டவள் பெயர் நிற்கும்; சாதாரணமாக வாழ்ந்து மறைந்தவளின் பெயர் நிற்க வேண்டுமானால் யாராவது எழுதத்தான் வேண்டும்.

நம்மவர்க்குத் தாய்வழியை நினைவில் வைக்கும் சக்தி இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்குப் போய், காங்கேயம் காளைக்கன்று ஒன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குடியானவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கன்றின் தாய் எந்தப் பட்டியில் பிறந்தது, அதன் தாய் எத்தனை ஈற்று ஈன்றது, பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பேணி வளர்த்த மந்தையின் வழியில் வந்த காளையோடு அது எங்கே சேர்ந்தது என்று, கொம்பின் வளைவையும் திமிலின் கருமையையும் தொட்டுக் காட்டி மூன்று தலைமுறை சொல்வார். அதே மனிதரிடம் அவருடைய அம்மாயியைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டால் தலையைச் சொறிவார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இதுவரை நேரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பெரியாத்தாளைப் போன்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பனியன் கம்பெனிக்கும் அரிசி ஆலைக்கும் பிள்ளைகள் போய்விட்ட பகல் வேளைகளில், வாசற்கட்டிலில் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பார் இருந்தால் சொல்லக் காத்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்த பெயர்கள் அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. ஆகவே, இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த அமாவாசைக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். அப்பாருவின் பெயரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்; அது பத்திரத்தில் இருக்கிறது. ஆத்தாளின் தாய், அம்மாயியின் தாய், அவர்களுடைய அக்கா தங்கைகள் என்று முதலில் கேளுங்கள். கூட்டத்தைச் சொல்லி நிறுத்தினால், பெயரைச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேளுங்கள். உங்கள் பூமியில் உழைத்தவர்களின் குடும்பம் பக்கத்துத் தெருவில் இருந்தால் அங்கேயும் போய், அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் பெயர்களையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள்.